இந்த வருஷம் பிள்ளைகள் முகத்தில் மை பூச வேண்டாம்

முதல்வர் அம்மா அவர்களுக்கும், நிகழ்ச்சிப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும்,

வணக்கம். உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா எழுதுகிறேன். பாளையங்கோட்டையில்தான் குடியிருக்கிறோம். 'சர்வதேச உணவு, கலாச்சார இரவு' இந்த வருஷமும் டிசம்பரில் உண்டு என்று போன வாரம் டைரியில் ஒட்டி அனுப்பியிருந்தீர்கள். எந்த வகுப்புக்கு எந்த நாடு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கப் போவதாகவும் அதில் இருந்தது. குலுக்குவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் என் அக்கா பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும், தென்காசியில் என் நாத்தனார் மகன் படிக்கும் பள்ளியிலும் இதே இரவு இதே மாதிரிதான் நடக்கிறது. அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எங்கேயும் போடவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் டீச்சர்மார் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். சாயங்காலம் தூறல் விழுந்ததும் மேசைகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வராந்தாவுக்குத் தூக்கி வந்தார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பாக்குமட்டைத் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றவர்களும் அவர்கள்தான். பிள்ளைகள் நாலு தேசத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தீர்களே, அந்த நினைப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

போன வருஷம் எங்கள் வகுப்புக்கு விழுந்த சீட்டு 'ஆப்பிரிக்கா'. மற்ற வகுப்புகளுக்கு இத்தாலி, பிரான்ஸ், ஜப்பான், மெக்சிகோ, இலங்கை என்று நாடு நாடாக விழுந்தது. எங்களுக்கு மட்டும் ஒரு கண்டமே விழுந்தது. ஐ.நா. சபையில் உறுப்பினராக இருக்கும் ஆப்பிரிக்க நாடுகள் மட்டுமே 54. சரி, பிள்ளைகள் நிகழ்ச்சிதானே என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆட்டத்துக்கு வாடகைக்கு எடுத்த உடை வந்து இறங்கியபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. இலை தைத்த பாவாடை, தெர்மாகோலில் வெட்டிய எலும்பு மாலை, கையில் ஆளுக்கொரு ஈட்டி. ஒப்பனை செய்ய வந்தவர் ஒரு டப்பாவில் கறுப்பு மையைக் குழைத்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முகம், கழுத்து, கை என்று பூசிக்கொண்டே வந்தார். ஒரு பையனின் முறை வந்தது. அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "இவனுக்கு மை வேண்டாம், அடுத்த ஆளு வா" என்றார்.

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் யாரும் அதட்டவில்லை. நானும் அதட்டவில்லை. அந்தப் பையனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான். ஒரு வருஷம் ஆகப்போகிறது, அந்த இழுப்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. நம் பிள்ளைகள் நிறத்துக்காகக் கேலி கேட்பது ஒன்றும் புதிதில்லை. அதைப் பள்ளியே மேசை போட்டு, விளக்குப் போட்டு நடத்திவிட்டதே என்பதுதான் என் ஆற்றாமை.

என் மகளுக்கும் பூசியிருந்தார்கள். அந்த முகத்தோடு என்னிடம் ஓடிவந்து, "அம்மா, நம்ம பக்கத்து வீட்டு மாமா இப்படியா டிரெஸ் போட்டிருந்தாங்க?" என்று கேட்டாள். அவளைக் கழிவறைக்குக் கூட்டிப்போய்த் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து வீட்டுக்கு அழைத்துவந்தேன். "விளையாட்டுக்குத்தானே, இதுக்குப் போய் கோவிச்சுக்கிட்டீங்களே" என்று மறுநாள் ஒரு டீச்சர் வருத்தப்பட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அந்த மாமா யார் என்று இப்போது சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் முந்திரிக்கொட்டை ஏற்றுமதி செய்யும் இடத்தில் கணக்குப் பார்த்தவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கும் பச்சைக் கொட்டையில் தான்சானியாக் கொட்டையும் உண்டு. அந்த வேலையாக 2012இல் தார் எஸ் சலாம் போனோம், 2019இல் திரும்பி வந்தோம். அந்த ஊரில் பேசுகிற சுவாகிலி மொழியில் 'மாமா' என்றால் அம்மா. பிள்ளை பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைவிட, பிள்ளையின் பேரோடு 'மாமா' சேர்த்துக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை. நம் ஊரிலும் என் ஆச்சியைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, மூத்த மகன் பேரைச் சொல்லி அவன் அம்மா என்றுதான் தெருவே கூப்பிடும். என் மகள் அங்கேதான் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே நானும் அந்தத் தெருவில் ஒரு மாமா ஆகிவிட்டேன்.

போய் இறங்கிய புதிதில், பாஷை தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாளில், பக்கத்து வீட்டு மாமா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். உட்கார்ந்ததும் அவருடைய சின்ன மகள் ஒரு கையில் செம்பும் ஒரு கையில் பேசினுமாக வந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, கையில் தண்ணீர் ஊற்றி, கழுவிய தண்ணீரைப் பேசினில் பிடித்துக்கொண்டாள். விருந்தாளிக்குத்தான் முதலில். அப்புறம் நடுவில் 'உகாலி' வந்தது. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மரத் துடுப்பால் கை ஓயும்வரை கிண்டி இறக்குவது. பக்கத்தில் தேங்காய்ப்பால் ஊற்றி வைத்த மீன் குழம்பு. எப்படிச் சாப்பிட வேண்டும் என்று காட்டுவதற்காக மாமா வலது கையால் ஒரு துண்டைக் கிள்ளினார், உள்ளங்கையில் உருட்டினார், பெருவிரலால் நடுவில் ஒரு குழி அமுக்கினார், அந்தக் குழியில் குழம்பை அள்ளினார்.

எனக்குச் சொல்லித்தர வேண்டிய வேலையே இருக்கவில்லை. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் என் ஆச்சி கேப்பைக்களியை இப்படித்தான் ஊட்டுவாள். கிள்ளி, உருட்டி, குழி பண்ணி, கருவாட்டுக் குழம்பில் முக்கி, "மெல்லாத ளா, முழுங்கு" என்பாள். நான் உகாலியை உருட்டிய உருட்டலைப் பார்த்துவிட்டு மாமா, உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று சைகையில் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டை விட்டு வந்தபிறகு அன்றைக்குத்தான் வயிறார, மனசாரச் சாப்பிட்டேன்.

அடுத்த லீவில் ஊருக்கு வந்தபோது அவருக்கென்று ஒரு கிலோ அல்வா வாங்கிப் போனேன். நம் அல்வாவையே வடக்கேயிருந்து வந்து குடியேறிய ராஜபுத்திரக் குடும்பங்கள்தான் இங்கே கிண்ட ஆரம்பித்தார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. பேரோ அரபிப் பேர். இலையைப் பிரித்து ஒரு விள்ளல் வாயில் போட்டதும் மாமா சொன்ன வார்த்தை 'ஹலுவா'. அவருடைய அம்மா சான்சிபார் தீவுக்காரர். ஓமான் நாட்டு சுல்தான்கள் ஒரு காலத்தில் சான்சிபாரிலேயே தலைநகரை வைத்துக்கொண்டு ஆண்டிருக்கிறார்கள், அவர்களோடு வந்த இனிப்பு அது. நாம் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுக்கிறோம், அவர்கள் மாவுச்சத்தைக் கரைத்து ஏலக்காயும் ஜாதிக்காயும் சேர்த்துக் கிண்டுகிறார்கள். பெரிய பாத்திரம், விடாத கிண்டல், கையில் ஒட்டும் நெய் எல்லாம் நம் ஊர்தான்.

அப்புறம் உடை. அங்கே பெண்கள் 'காங்கா' என்று ஒரு துணி உடுத்துவார்கள். நாலு பக்கமும் கரை ஓடும், நடுவில் பூவோ முந்திரியோ கோழியோ அச்சிட்டிருக்கும், கீழே சுவாகிலியில் ஒரு வரி எழுதியிருக்கும். பழமொழியாக இருக்கும், வாழ்த்தாக இருக்கும், பக்கத்து வீட்டுக்காரிக்குச் சாடையாகச் சொல்கிற சேதியாகவும் இருக்கும். இரட்டையாகத்தான் விற்பார்கள். இடுப்பில் ஒன்று, தோளிலோ தலையிலோ ஒன்று. பிள்ளையை முதுகில் கட்டுவதும் அதில்தான். மாமா எனக்குக் கொடுத்த ஒரு ஜோடி இன்னும் பீரோவில் இருக்கிறது. ஒருகாலத்தில் இந்தத் துணிகளை இந்திய ஆலைகளிலும் அச்சிட்டுக் கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். இலைப் பாவாடைக்குக் கொடுத்த வாடகைக் காசு அன்றைக்கு வீண். என்னைக் கேட்டிருந்தால் காங்காவைச் சும்மாவே தந்திருப்பேன்.

கேட்கவில்லை என்பதுதான் என் குறை. என்னைக் கேட்கவில்லை என்பது மட்டும் இல்லை. இலங்கை அரங்குக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது என் மகளின் தோழியுடைய ஆச்சி வந்து நின்றார். ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கேயிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒரு ஆளாக, 1972இல், பதினாலு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் இந்தப் பக்கம் வந்தவர். அரங்கில் ஹோட்டலில் வாங்கிய சிலோன் பரோட்டாவும், சிங்கக் கொடியும், கடற்கரைப் படங்களும் இருந்தன. ஆச்சி மேசையைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு என்னிடம் பைய, "சம்பலே இல்லையே தாயி" என்றார்.

அவர் வீட்டில் இன்னும் வாரத்துக்கு ஒரு நாள் இடியாப்பமும் சொதியும், தேங்காயும் மிளகாயும் வைத்து அரைத்த சம்பலும்தான். நம் திருநெல்வேலியிலும் சொதி உண்டு. பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, மூன்று தடவை தேங்காய்ப்பால் எடுத்து, மறுவீட்டு விருந்துக்கு வைப்பது, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அவர்கள் சொதியில் பருப்பு கிடையாது. தேங்காய்ப்பால், மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம், கடைசியில் தேசிக்காய்ச் சாறு. நாம் எலுமிச்சை என்பதை ஆச்சி இன்னும் தேசிக்காய் என்றுதான் சொல்கிறார். இந்த இரண்டு சொதியையும் இரண்டு சட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஆச்சியை உட்கார வைத்துப் பேசச் சொன்னால் அதைவிட நல்ல சமூக அறிவியல் பாடம் எங்கே கிடைக்கும்? அன்றைக்கு அவர் பேத்தியின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டுப் போய்விட்டார்.

மெக்சிகோ அரங்கில் பாக்கெட் சிப்ஸ் வைத்திருந்தார்கள். மிளகாயும் மக்காச்சோளமும் அந்தப் பக்கத்துப் பயிர்கள் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. போர்ச்சுகீசியர் கொண்டுவரும்வரை நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். மிளகு மாதிரி உறைக்கிற காய் என்பதால் அதற்கு மிளகாய் என்று பேர் வைத்தோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த நிலக்கடலையே தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். தூத்துக்குடி மக்ரூனில் போடுகிற முந்திரியைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். மரம் பிரேசிலுக்குச் சொந்தம். போர்ச்சுகீசியர் அதை இங்கேயும் நட்டார்கள், கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நட்டார்கள். இன்றைக்கு அங்கே காய்த்தது கப்பலேறி இங்கே வருகிறது. ஒரு பிள்ளை கையில் ஒரு மக்ரூனைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு உலகப் படத்தை விரித்து, இது எந்தெந்த ஊர் வழியாக உன் கைக்கு வந்தது என்று கோடு போடச் சொல்லிப் பாருங்கள்.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. காயல்பட்டினத்துப் பெற்றோர் நம் பள்ளியிலேயே இருக்கிறார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவர்கள் அவிக்கும் வட்டிலப்பத்தை இலங்கையிலும் அவிக்கிறார்கள், மலாய்க்காரர்கள் வழியாக வந்த பண்டம் என்பார்கள். காயல் துறைமுகத்துக்கு ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் வந்ததை மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுதி வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் கடையநல்லூர்க்காரர்களுக்கென்று தனிச் சங்கமே இருக்கிறது. நம் ஊர் ஃபாஸ்ட்ஃபுட் கடைகளில் சட்டி புரட்டும் நேபாளத்துப் பையன்களைக் கேளுங்கள், அவர்கள் வீட்டுச் சாப்பாடு பருப்பும் சோறும்தான், தால் பாத் என்பார்கள். இந்தச் சீமை ஒருநாளும் உலகத்துக்குத் தூரத்தில் இருந்ததில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். சீட்டுக் குலுக்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு தாள் கொடுத்தனுப்புங்கள். உங்கள் வீட்டில், சொந்தத்தில், தெருவில், வேறு தேசத்தில் பிறந்தவரோ வேலை பார்த்தவரோ யாராவது இருக்கிறார்களா, அவர்களுக்குச் சமைக்கத் தெரிந்த பண்டம் ஒன்று என்ன, வந்து அரை மணி நேரம் பிள்ளைகளோடு பேசுவார்களா என்று மூன்று கேள்வி போதும். வருகிற பதிலை வைத்து அரங்கு போடுங்கள். பிரான்சுக்கு யாரும் கிடைக்கவில்லை என்றால் பிரான்ஸ் இல்லாமல் போகட்டும். துபாய்க்கு நாலு பேர் வந்தால் நாலு அரங்கு போடுங்கள். ஒருவர் லேபர் கேம்பில் பத்துப் பேருக்குச் சமைத்தவராக இருப்பார், ஒருவர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவராக இருப்பார், இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

மையும் இலைப் பாவாடையும் கண்டிப்பாக வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. எந்தத் தேசத்து உடையைப் போட்டாலும் அந்தத் தேசத்தவர் ஒருவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தால் நமக்குக் கூச்சமாக இருக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் போடுங்கள். அந்தப் பையனிடம் யாராவது போய்ப் பேச வேண்டும். மேடையில் வேண்டாம், அது அவனை இன்னும் கூச வைக்கும். அவனுக்குப் பிடித்த டீச்சர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு அந்தப் பேச்சை நாங்கள் தடுத்திருக்க வேண்டும், தடுக்காதது எங்கள் தப்பு என்று சொன்னால் போதும். அவன் அம்மாவிடம் நான் என் பங்குக்குச் சொல்லிவிட்டேன்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. போன தடவை அரங்குப் பணம், உடை வாடகை எல்லாம் சேர்த்துப் பிள்ளைக்கு 800 ரூபாய் ஆனது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் அம்மா பீடி சுற்றுகிறவர். அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை என்று அவரே பின்னால் என்னிடம் சொன்னார். நான் சொல்கிற மாதிரி செய்தால் வாடகையும் இல்லை, தெர்மாகோல் கோபுரமும் இல்லை. வீட்டிலிருந்து ஒரு சட்டி, ஒரு கரண்டி, அவ்வளவுதான். சிறந்த அரங்குக்குக் கோப்பை கொடுப்பதையும் விட்டுவிடலாம். யார் வீட்டுச் சாப்பாடு முதலிடம் என்று மார்க் போடுவது நன்றாக இல்லை. முட்டை சேர்ந்ததா, மீன் சேர்ந்ததா, கடலை சேர்ந்ததா என்று ஒவ்வொரு சட்டியின் முன்னாலும் எழுதி மட்டும் வைத்துவிடுங்கள். வேன் பிள்ளைகளுக்காக எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

என் பங்குக்கு நான் உகாலி கிண்டித் தருகிறேன். இங்கே வெள்ளை மக்காச்சோள மாவு லேசில் கிடைக்காது. நம் பக்கம் விளைவதெல்லாம் மஞ்சள், அதுவும் கோழித் தீவனத்துக்குப் போவது. மஞ்சளிலேயே கிண்டிப் பார்த்துவிட்டேன், நன்றாகத்தான் வருகிறது. என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேப்பைக்களி கிண்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். காங்கா இரண்டையும் கொண்டுவருகிறேன், பிள்ளைகள் உடுத்திப் பார்க்கட்டும், அதில் எழுதியிருப்பதை என் மகள் வாசித்துக் காட்டுவாள். செம்பும் பேசினும் என் பொறுப்பு. கையில் தண்ணீர் ஊற்ற நாலு பிள்ளைகளை மட்டும் விடுங்கள், அந்தப் பையன் சம்மதித்தால் முதல் செம்பு அவன் கையில் இருக்கட்டும்.

ஹட்டன் ஆச்சியிடமும் பேசிவிட்டேன். முதலில், எனக்கென்ன தெரியும் என்று மறுத்தார், பேத்தி கெஞ்சியபிறகு சரி என்றார். மாசிக் கருவாட்டைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்துக்கொள்வாராம், தேங்காயும் செத்தல் மிளகாயும் (காய்ந்த மிளகாய்தான்) மட்டும் பள்ளி தந்தால் போதுமாம். ஒரே ஒரு நிபந்தனை போடுகிறார். சம்பலை மிக்சியில் அடிக்க மாட்டார், அம்மி வேண்டும். பழைய சமையல்கூடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு அம்மி கவிழ்ந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதை இப்போதே எடுத்துக் கழுவிக் கொத்தி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா
பாளையங்கோட்டை